கிருமி சுமந்த நஞ்சு

2019ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் ஒரு நாள் காலை, குளுவாங் நகரை அடுத்த ஒரு தாமானில் வாழும் ஓய்வு பெற்ற டிரஸர் ஒருவர் வழக்கம்போல் வாசலில் அமர்ந்து நாளிதழை விரித்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்தொன்று. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஒரு செய்தியை மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் படித்தார். ஜொகூர் மாநிலத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று டிப்தீரியா நோயால் இறந்துவிட்டது. அக்குழந்தைக்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்கவில்லை. செய்தி அவ்வளவே. பேரனின் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போய் ஆடை படிந்தது.

டிப்தீரியா என்னும் சொல் கிரேக்க மொழியில் தோலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். தமிழில் அதனைத் தொண்டை அடைப்பான் என்பது வழக்கம். இரண்டு பெயர்களும் பொருத்தமானவையே. நோயுற்ற குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் போன்ற படலம் ஒன்று படியும். அது தடித்துப் பரவி மூச்சுவழியை அடைக்கும். கழுத்து வீங்கிக் காளையின் கழுத்தைப்போல் ஆகிவிடும். இவற்றையெல்லாம் அந்த முதியவர் நூலில் கற்பதற்கு முன்பே கண்ணால் கண்டவர்.

அது 1946ஆம் ஆண்டு. ஜப்பானியர் ஆட்சி ஒழிந்து ஓராண்டுகூட நிரம்பவில்லை. சயாம் மரண இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தை திரும்பி வரவில்லை. தாய் பால்மரம் வெட்டப் போய்விடுவாள். எட்டு வயதுச் சிறுவனாகிய அவர், நான்கு வயதுத் தங்கையை ஆயாக் கொட்டகையில் விட்டு, மாலையில் தூக்கி வருவார். ஒரு நாள் அவருக்குத் தொண்டை வலித்தது. இலேசான காய்ச்சலும் கண்டது. நான்கு நாள்களில் எழுந்து விளையாடத் தொடங்கினார். அடுத்த வாரம் தங்கை படுத்தாள். லயத்துப் பெண்கள் கண்ணேறு என்றார்கள்; மாரியம்மன் கோயில் விபூதியை நெற்றியில் இட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி என்ற பெயரில் ஒரு கொட்டகை இருந்ததே தவிர, அதில் அந்த நோய்க்கான மாற்று மருந்து இல்லை. மூன்றாம் நாள் இரவு, மூச்சு இழுக்கும் ஒலி நின்றுவிட்டது.

அவர் 1958இல் வேறொரு தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்து, படிப்படியாகத் தேர்ந்து டிரஸர் ஆனார். பாடம் கற்ற காலத்தில்தான் தங்கையைக் கொன்ற நோயின் பெயர் அவருக்குத் தெரிந்தது. அதனுடன் இன்னொன்றும் தெரிந்தது. அந்நோய் ஒருவர் தொண்டையிலிருந்து மற்றவர் தொண்டைக்குப் பரவுவது. அப்படியானால், முதலில் தொண்டை வலித்தவர் யார்? அன்று முதல் இக்கேள்வி அவரை விட்டு அகலவில்லை. தாயிடம் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. ஊசி போடும் நாளில் லயம் லயமாகச் சென்று, செம்பனைக் காட்டுக்குள் பிள்ளைகளை ஒளித்து வைக்கும் தாய்மாரைத் தேடிப் பிடித்துவந்து ஊசி போடச்செய்த டிரஸரின் பிடிவாதத்தைத் தோட்டத்து மக்கள் கடமை என்று எண்ணினர். உண்மைக் காரணம் அவருக்கு மட்டுமே தெரியும்.

செய்தி வந்த வாரத்தின் வியாழன் மாலை, ஜொகூர் பாருவில் இடைநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கும் பேத்தி வீட்டுக்கு வந்தாள். (ஜொகூரில் அந்நாளில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்.) வீட்டில் ஒரு சிக்கல் அவளுக்காகக் காத்திருந்தது. அவளுடைய அண்ணன் மகனுக்குப் பதினெட்டு மாதம் நிரம்பி ஒரு வாரம் ஆகிவிட்டது. 2, 3, 5 ஆகிய மாதங்களில் போட்ட ஊசியைப் பதினெட்டாம் மாதத்தில் மீண்டும் ஒரு முறை போடவேண்டும். போனமுறை இரவு முழுதும் குழந்தைக்குக் காய்ச்சல்; அதனால் அண்ணி தயங்கினாள். தயக்கத்துக்கு உரமிட்டாற்போல் கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வேறு வந்திருந்தது.

“ஊசி போட்ட பிள்ளைகளின் தொண்டையிலும் அந்தக் கிருமி இருந்ததாமே? அப்படியானால் ஊசி எதற்கு?” என்று கேட்டாள் அண்ணி.

நாற்பது ஆண்டுகள் ஊசி போட்ட டிரஸரிடம் இதற்கு விடை இல்லை. ஊசி போட்டால் கிருமி அண்டாது என்றுதான் அவர் எல்லாத் தாய்மாருக்கும் சொல்லி வந்திருக்கிறார். கிருமி கெட்டது, ஊசி அதனைக் கொல்லும் காவல் என்பதே அவர் அறிந்த இலக்கணம். அவர் பேத்தியின் முகத்தைப் பார்த்தார்.

“அண்ணி சொல்வது பொய் இல்லை தாத்தா. ஊசி போட்டவர் தொண்டையிலும் கிருமி இருக்கலாம். ஆனால் அந்தக் கிருமிக்குச் சொந்தமாக நஞ்சு கிடையாது” என்றாள் பேத்தி.

முதியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இந்தப் புதிரின் முதல் முடிச்சு 1884இலேயே விழுந்துவிட்டது. ஜெர்மனியில் லோஃப்ளர் என்னும் அறிஞர் இந்த நோயின் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். அதனை விலங்குகளின் உடலில் செலுத்தினார். விலங்குகள் இறந்தன. அறுத்துப் பார்த்தபோது கிருமிகள் ஊசி குத்திய இடத்திலேயே இருந்தன. ஆனால் தொலைவில் உள்ள உறுப்புகள் சிதைந்திருந்தன. தன் இடத்தை விட்டு நகராத கிருமி தொலைவில் உள்ள உறுப்பை எங்ஙனம் கெடுத்தது? ஏதோ ஒரு நஞ்சைச் சுரந்து இரத்தத்தில் விட்டிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். இன்னொரு செய்தியையும் மறைக்காமல் எழுதிவைத்தார். நோயே இல்லாத ஒரு குழந்தையின் தொண்டையிலும் அதே கிருமியைக் கண்டார் அவர். தம் கொள்கைக்கு இடையூறான சான்றையும் சேர்த்து வெளியிடும் இந்த நேர்மை அறிவியலில்கூட அத்தனை மலிவானது அன்று. 1888இல் பாரிசு நகரில் ரூ, எர்சின் என்னும் இருவர், கிருமிகள் வளர்ந்த நீரை நுண்ணிய வடிகட்டியில் வடித்து, கிருமியே இல்லாத அந்நீரும் கொல்லும் என்று காட்டினர். ஊகம் மெய்யாயிற்று. பேரிங்கும் கிதாசாத்தோவும் 1890இல் அந்த நஞ்சுக்கு மாற்றுப் பொருள் உடலில் உண்டாவதைக் கண்டனர். பின்னர்க் குதிரைகளின் இரத்தத்திலிருந்து மாற்று மருந்து எடுக்கும் வழி பிறந்தது. 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபெல் பரிசு பேரிங்குக்கே கிடைத்தது.

ஆயினும் நோயற்ற குழந்தையின் தொண்டையில் இருந்த கிருமி என்ன ஆயிற்று? ஒரே இனம், ஒரே வடிவம். நுண்ணோக்கியில் வேறுபாடு தெரியாது. ஒன்று கொல்கிறது, மற்றொன்று வாளா கிடக்கிறது. இதற்கு விடை கிடைக்க அறுபத்தேழு ஆண்டுகள் ஆயின. 1951இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் ஃப்ரீமன் என்பவர், தீங்கற்ற டிப்தீரியாக் கிருமிகளின்மேல் ஒருவகை வைரஸைத் தூவினார். மனிதரைத் தாக்கும் வைரஸ் அன்று. கிருமிகளையே தாக்கும் வைரஸ். அதற்கு ஃபேஜ் என்று பெயர். பல கிருமிகள் மடிந்தன. பிழைத்தவற்றை எடுத்து வளர்த்துச் சோதித்தபோது, அவை நஞ்சு சுரக்கும் கிருமிகளாக மாறிவிட்டிருந்தன!

“வைரஸ் நுழைந்ததும் கிருமிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லு” என்றார் முதியவர்.

“இல்லை தாத்தா. வைரஸ் தன் மரபணுக்களைக் கிருமியின் மரபணு இழைக்குள்ளே செருகிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. கிருமி இரண்டாகப் பிரியும்போது அதுவும் சேர்ந்து பிரிகிறது. நஞ்சை உண்டாக்கும் மரபணு அந்த வைரஸினுடையது. கிருமியினுடையது அன்று.”

நஞ்சின் செய்முறை இந்த வைரஸிடமே இருக்கிறது என்பது 1971இல் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. அந்த நஞ்சின் வேலை எளியது, கொடியது. உயிரணுவுக்குள் புகுந்து, அங்கே புரதம் சமைக்கும் பட்டறைக்கு இன்றியமையாத ஒரு பொருளை முடக்கிவிடும். புரதம் இன்றேல் உயிரணு மடியும். அந்நஞ்சின் கொல்லும் பகுதி ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே சென்றாலும் ஓர் உயிரணு சாகும் என்று 1978இல் ஜப்பானிய ஆய்வாளர் காட்டினர். மடிந்த உயிரணுக்கள் திரண்டதே தொண்டையில் படியும் சாம்பல் நிறப் படலம். படலத்துக்குத் தப்பிய சிலர், நோய் தணிந்தது என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையில், இரண்டு மூன்று வாரம் கழித்து இதயம் நின்று இறப்பதும் உண்டு. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வெளியேறும்படி தொண்டைத் தசைகள் செயலிழப்பதும் உண்டு. எல்லாம் அந்த ஒரே நஞ்சின் வேலை.

இதில் விந்தை ஒன்று. நஞ்சின் மரபணு வைரஸுக்கு உரியது. ஆனால் அதனைத் திறப்பதும் மூடுவதும் கிருமியின் கையில் இருக்கிறது. கிருமிக்குப் போதிய இரும்புச் சத்து கிடைக்கும்வரை, அதன் புரதம் ஒன்று அந்த மரபணுவின்மேல் அமர்ந்து பூட்டி வைத்திருக்கும். மனிதனின் தொண்டையில் இரும்புச் சத்து எளிதில் கிடைக்காது. பூட்டு அப்போது விலகும், நஞ்சு சுரக்கும். வெளியிலிருந்து வந்த சரக்கை வீட்டுக்காரன் தன் கணக்குப் புத்தகத்தில் பதிந்துகொண்டு, தன் தேவைக்கேற்ப எடுத்துச் செலவழிக்கிறான்! இருவரில் யார் குற்றவாளி என்று கேட்டால் எந்த நீதிமன்றமும் திணறும்.

பேத்தி இப்போது அண்ணியின் கேள்விக்கு வந்தாள். டிப்தீரியாத் தடுப்பூசியில் கிருமி இல்லை. கிருமியின் துண்டுகூட இல்லை. 1920களில் பிரான்சு நாட்டில் ரமோன் என்பவர் அந்த நஞ்சை எடுத்து, ஃபார்மலினும் வெப்பமும் கொண்டு அதன் கொல்லும் ஆற்றலைப் போக்கினார். உருவம் மட்டும் எஞ்சியது. அந்த உருவத்தையே ஊசியில் ஏற்றுகிறார்கள். உடல் அதனைப் பார்த்து வைத்துக்கொள்கிறது. பின்னர் ஒரு நாள் உண்மையான நஞ்சு வந்தால் பிடித்துக் கட்டிவிடுகிறது. கிருமி தொண்டையில் வந்து தங்கலாம். தங்கிப் பிறர்க்கும் போகலாம். ஆனால் அதன் நஞ்சு ஊசி போட்ட குழந்தையிடம் செல்லாது. ஊசி போடாத குழந்தையிடம் செல்லும்.

“அதனால்தான் அண்ணி, ஊசி போட்ட பிள்ளைகளின் தொண்டையிலும் கிருமி இருந்தது. அவர்கள் படுக்கவில்லை, பார்த்தீர்களா? அந்தச் செய்தியை எழுதியவர் பாதியைத்தான் எழுதியிருக்கிறார்” என்றாள் பேத்தி.

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. மடியில் உறங்கும் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

முதியவர் மனம் வேறு திசையில் சென்றது. “காலராவும் இப்படித்தானா?” என்று கேட்டார். 1961இல் இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் கிளம்பிய காலரா 1963இல் மலாக்காவை எட்டியபோது, இளம் உதவியாளராக லயங்களில் இரவு பகலாக ஊசி போட்டது அவர் நினைவுக்கு வந்தது.

அதுவும் அப்படித்தான். காலராவின் நஞ்சைக் கல்கத்தாவில் சம்புநாத் டே என்பவர் 1959இல் கண்டுபிடித்தார். முயலின் குடலில் ஒரு துண்டை இருபுறமும் கட்டி, கிருமி இல்லாத வடிநீரை அதனுள் செலுத்த, குடல் நீரால் பொங்கி வீங்கியது. அரிய கண்டுபிடிப்பு; எளிய கருவிகள். உலகம் அவரை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. அந்த நஞ்சின் மரபணுவும் கிருமியின் பூர்விகச் சொத்து அன்று என்பதை 1996இல் வால்டர், மெக்கலானோஸ் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் நிறுவினர். நூல் போன்ற மெல்லிய ஃபேஜ் ஒன்று அதனைச் சுமந்து வருகிறது. கழிமுகங்களிலும் கடலோர நீரிலும் வாழும் காலராக் கிருமி இனத்தில் பெரும்பாலானவை இந்த நஞ்சு இல்லாதவை. இறால் ஓட்டிலும் நீர்நுண்ணுயிர்களிலும் ஒட்டி வாழ்ந்து தம் போக்கில் போகின்றன. நஞ்சுடைய கிருமி மனிதக் குடலில் ஒட்டிக்கொள்ள மயிர் போன்ற நுண்ணிய இழைகளை நீட்டும். அந்த இழைகளே ஃபேஜ் உள்ளே நுழையும் கதவும் ஆகும். ஆகவே ஃபேஜ் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வாய்ப்பான இடம் குடல்தான். சோதனைச் சாலைக் குழாயைவிட எலியின் குடலுக்குள் இந்த மாற்றம் மிகுதியாக நிகழ்வதை அவ்விருவரும் கண்டனர்.

தமிழர்க்கு நெருக்கமான கதை ஒன்று இதில் உண்டு. 1992ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் காலரா தோன்றியது. அந்நகருக்குக் காலரா புதிதன்று. ஆனால் அம்முறை பிள்ளைகளைவிட வளர்ந்தவர்களே மிகுதியாக விழுந்தனர். காலரா வழங்கும் ஊரில் வளர்ந்தவர் உடலில் பழைய நோயின் நினைவால் ஓரளவு எதிர்ப்பு இருக்கும். அது ஏன் பயன்படவில்லை? சோதனைச் சாலையில் ஆராய்ந்தபோது, அதுவரை பெருங்கொள்ளையாகப் பரவிய கிருமிகளைக் காட்டிக்கொடுத்த ஊநீர் இதனை அடையாளம் காணவில்லை. பின்னர் உண்மை தெரிந்தது. உள்ளே இருப்பது பழைய கிருமிதான். தன் மேற்போர்வையை உண்டாக்கும் மரபணுத் தொகுதியை வேறொரு கிருமியிடமிருந்து பெற்று, பழையதை நீக்கிவிட்டது. சட்டை மாற்றிய திருடனை ஊர்க்காவலர் அடையாளம் காணவில்லை. O139 என்னும் எண்ணால் குறிக்கப்படும் அக்கிருமி அடுத்த ஆண்டுக்குள் கல்கத்தாவையும் வங்காளதேசத்தையும் எட்டியது. சென்னையில் எடுத்த அந்தக் கிருமியில் மற்றொரு நாடோடி மரபுத்துண்டும் பின்னர்க் கண்டறியப்பட்டது. சல்ஃபா, டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய மருந்துகளைப் பயனற்றதாக்கும் ஆற்றல் அதில் இருந்தது. இரு கிருமிகள் ஒட்டி நிற்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது கடந்து செல்லும். பழைய வகையை வென்று O139 உலகெங்கும் பரவிவிடும் என அன்று அஞ்சினர், அப்படி நடக்கவில்லை. பழைய வகையே மீண்டும் மேலோங்கியது. கிருமிகளைப்பற்றி முன்கூட்டிச் சொல்லும் சோதிடம் பெரும்பாலும் பலிப்பதில்லை.

2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைக்கீரையோடு வந்து ஐம்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்ற ஈ.கோலைக் கிருமியின் நஞ்சும் ஃபேஜ் சுமந்து வந்ததே. ஈ.கோலை எல்லார் குடலிலும் வாழும் கிருமி. அதன் நஞ்சுடைய வகைக்குச் சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொடுத்தால், உறங்கும் ஃபேஜ் விழித்துக் கிருமியை உடைத்து நஞ்சை இன்னும் மிகுதியாக வெளிவிடும். மருந்து கொடுக்கவும் மருத்துவர் தயங்கவேண்டிய நிலை அது. இதைக் கேட்டபோது முதியவர் தலையை அசைத்தார். மாத்திரைகளை எண்ணிக் கொடுத்த கைகள் அல்லவா!

இரவு உணவு முடிந்தது. அண்ணி குழந்தையோடு உள்ளே சென்றுவிட்டாள். முதியவர் குரலைத் தாழ்த்தி, எழுபத்து மூன்று ஆண்டுகளாக ஒருவரிடமும் சொல்லாததைப் பேத்தியிடம் சொன்னார். தங்கையைப்பற்றி வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முதலில் தொண்டை வலித்தது யாருக்கு என்பது தெரியாது.

“என் தொண்டையில் இருந்தது நஞ்சு இல்லாத கிருமி, அவளுக்கு வேறு எங்கிருந்தோ வந்தது என்று இருக்கலாமா?”

பேத்தி உடனே விடை சொல்லவில்லை. ஆம் என்று சொல்லிவிட்டால் அவர் அன்றிரவு நன்றாக உறங்குவார். ஆனால் அவள் ஆசிரியை; அவர் டிரஸர்.

“இருக்கலாம் தாத்தா. உங்களுக்கு வந்தது வெறும் தொண்டைப் புண்ணாகவும் இருக்கலாம். அதே நஞ்சு உங்களுக்கும் வந்து, உங்கள் உடம்பு தாங்கியிருக்கவும் கூடும். ஆயாக் கொட்டகையில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள்? எல்லார் தொண்டையிலும் என்ன இருந்தது என்று யார் பார்த்தது? ஒரு தொண்டையில் இரண்டு வகைக் கிருமியும் சேர்ந்திருந்தால், ஃபேஜ் அங்கேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவும் வழி இருக்கிறது.”

“இப்போது என்றால் கண்டுபிடித்துவிடலாமா?”

“இப்போது முடியும்.” அவள் விளக்கினாள். டிப்தீரியாக் கிருமி கிடைத்தது என்பதோடு இக்காலச் சோதனைச் சாலை நிற்பதில்லை. அதனிடம் நஞ்சின் மரபணு இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தாலும், அது மெய்யாகவே நஞ்சைச் சுரக்கிறதா என்று மற்றொரு சோதனை. மாற்று மருந்தில் நனைத்த தாள் துண்டைக் கிருமி வளரும் தட்டில் வைப்பர். நஞ்சும் மாற்று மருந்தும் சந்திக்கும் இடத்தில் வெண்ணிறக் கோடு ஒன்று தோன்றும். 1940களின் இறுதியில் எலெக் என்பவர் வகுத்த முறை அது.

“வெண்ணிறக் கோடு,” என்றார் முதியவர். சற்று நேரம் அதனையே நினைத்துக்கொண்டிருந்தார். 1946இல் அந்தக் கொட்டகையில் தட்டும் இல்லை, தாளும் இல்லை, மாற்று மருந்தும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முதியவர் விடியற்காலையிலேயே எழுந்து, குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து வாசலில் உட்கார்ந்தார். மூன்று கட்டங்களில் முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. பதினெட்டாம் மாதத்துக் கட்டம் வெறுமையாக இருந்தது. அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். புத்தகத்தைப் பார்த்தாள்.

“போனமுறை காய்ச்சலுக்கு எத்தனை மில்லி மருந்து கொடுத்தாய் அம்மா?” என்று கேட்டார் அவர்.

அவள் சொன்னாள். அது சரியான அளவுதான் என்றார். இம்முறையும் காய்ச்சல் வரலாம், வந்தால் ஒரு நாளில் இறங்கிவிடும், இறங்காவிட்டால் உடனே தம்மை எழுப்பவேண்டும், நள்ளிரவானாலும் சரி என்றார். கிருமி அண்டாது என்ற பழைய சொல்லை அவர் சொல்லவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் கூட்டமாக இருக்கும் தாத்தா,” என்றாள் அண்ணி. “ஏழரைக்கே போய் எண் எடுக்கவேண்டும்.”